மூன்றாவது அடியாளின் பூட்ஸ்

காலை நாலே முக்கால் மணிக்கு நாற்பத்தொரு மெக்சிகோக்காரர்கள் வரிசையில் நின்றோம், தம்பி. அதில் ஒருவன் பேர் ததேயு மச்சாது. அது நான்தான்.

சிரிக்காதீங்க. கையில் இருக்கிற செல்போனை அப்படியே ஒரு நிமிஷம் நிறுத்துங்க. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினதிலிருந்து நீங்கள் பார்த்துக்கொண்டு வருகிற அமெரிக்க சீரியலை நானும் பக்கத்து சீட்டிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். தப்புதான். ஆனால் அதில் வருகிற ஆளே நானாக இருந்தால் தப்பில்லை, இல்லையா? இதோ, மாதா கோயில் வாசலில் குனிந்து பூட்ஸ் கழற்றுகிறானே, கழுத்தெல்லாம் பச்சை குத்தின தடியன். அவன் முகத்தைப் பாருங்க. என்னைப் பாருங்க. மீசையை மட்டும் எடுத்துவிட்டேன். வெயில். லாஸ் ஏஞ்சல்ஸ் வெயிலுக்கு மீசை ஆகாது.

முகம் என்னுடையது. கால் என்னுடையது. குரல் என்னுடையது இல்லை. அதுதான் என் வருத்தம். இப்போது உங்கள் போனில் ஒருத்தன் என் வாயிலிருந்து "ஆத்தா, எம் பொண்ணப் பாத்துக்கத்தா" என்று கத்தினான், கேட்டீங்களா? நான் தூத்துக்குடிக்காரன். மாதாவை எந்தக் காலத்தில் நாங்கள் ஆத்தா என்றோம்? அறுபத்தொரு வருஷமாகத் தமிழ் பேசுகிறவன் நான். எனக்குத் தமிழில் பேச வடபழனியில் வேறு ஆளைப் பிடித்திருக்கிறார்கள். அதுகூடப் போகட்டும். அசல் சீரியலிலும் என் குரல் இல்லை. ஒரே ஒரு வசனம், தம்பி. வாழ்க்கையில் ஒரே ஒரு வசனம். அதையும் எடுத்து இன்னொருத்தனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அருப்புக்கோட்டை வர நேரமிருக்கிறது. சொல்கிறேன்.

முதலில் பேரைச் சொல்லிவிட வேண்டும். மச்சாது என்றால் ஏதோ வெளிநாட்டுக்காரன் என்று நினைத்துவிடாதீங்க. எங்கள் கடற்கரையில் பர்னாந்து, மோத்தா, ரோச், மச்சாது எல்லாம் தெருவுக்குப் பத்துப் பேர். போர்த்துக்கீசியர்கள் வந்து ஞானஸ்நானம் கொடுத்தபோது பேரையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். முத்தை எடுத்துக்கொண்டு பேரைக் கொடுத்தான் என்பார் எங்கள் அப்பா. அந்தப் பேரை வைத்துக்கொண்டு துறைமுகத்தில் முப்பத்து மூன்று வருஷம் மூட்டை எண்ணினேன். டாலி கிளார்க். நடிப்பு என்று பார்த்தால், பெரிய வெள்ளிக்கு முன்னால் பங்குக் கோயிலில் போடுகிற பாஸ்கா நாடகத்தில் வருஷாவருஷம் பரபாஸ் வேஷம். இயேசுவைப் பிடித்து வைத்துக்கொண்டு அவருக்குப் பதிலாக ஒரு கள்ளனை விட்டுவிடுவார்களே, அவன். வசனம் கிடையாது. கூட்டம் "பரபாஸை விடுதலை செய்" என்று கத்தும், நான் சங்கிலியை உதறிவிட்டு ஓடுவேன். என் ஓட்டத்துக்குக் கைதட்டல் விழும். இயேசுவாக நடித்தவனுக்குக்கூட அப்படி விழாது.

ஓய்வு பெற்றதும் மகள் ஜெனிட்டா எங்களை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்தாள். அங்கே போன முதல் நாளே எனக்குத் தொல்லை ஆரம்பித்தது. பால் வாங்கப் போனால் ஸ்பானிஷில் பேசுகிறார்கள். பஸ்ஸில் ஏறினால் ஸ்பானிஷ். முடிவெட்டப் போனால், கத்தரிக்கோலைக் காதுப் பக்கம் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஸ்பானிஷ். நான் ஒவ்வொருத்தரிடமும் மரியாதையாக, "நான் இந்தியன், நான் உங்கள் ஆள் இல்லை" என்று சொல்வேன். சொல்லிவிட்டுச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். கிரீன் கார்டு அங்கேதான் இருக்கும். பிளாஸ்டிக் உறை போட்டு. நான் குளிக்கும்போது மட்டும்தான் அது என்னை விட்டுப் பிரியும்.

என் வீட்டுக்காரி பிலோமி வேறு மாதிரி. ஆறு மாதத்தில் காய்கறிக் கடையில் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டாள். "புளி கிடைக்குது, கொத்தமல்லி கிடைக்குது, பச்ச மிளகா நம்ம ஊர விட உறைக்குது. அவங்க ஆளுன்னு நெனச்சா நெனச்சிட்டுப் போறாங்க. உங்க மானம் கப்பலேறிருமாக்கும்?" என்பாள். மூன்று தெரு தள்ளியிருக்கிற கோயிலில் பாதி மெக்சிகோக்காரர்கள், மீதி எல் சல்வதோர் நாட்டுக்காரர்கள். பிலோமி ஸ்பானிஷ் பூசைக்குப் போவாள். நான் காலை ஏழு மணி இங்கிலீஷ் பூசைக்குப் போவேன். ஏழு பேர் இருப்போம்.

அந்தக் கோயில் மண்டபத்தில்தான் யோலாண்டா மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். சினிமாவுக்குக் கூட்டத்து ஆள் சேர்க்கிற ஏஜென்ட். கோடம்பாக்கத்தில் துணை நடிகர் ஏஜென்ட் என்பார்களே, அதுதான். என் கார்டை வாங்கிப் பேரைப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். "பிரமாதம்" என்றாள். நான் இந்தியன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "திங்கட்கிழமை சூட்டிங், பிரியாணி மாதிரி சாப்பாடு" என்று பக்கத்தில் நின்ற பிலோமி ஸ்பானிஷிலிருந்து மொழிபெயர்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன்.

அப்படித்தான் அந்த நாற்பத்தொரு பேரில் நின்றேன். போதைப்பொருள் கும்பலைப் பற்றிய சீரியல். நாங்கள் கும்பல். எனக்கு மூன்றாவது அடியாள் வேஷம். பச்சை குத்தினது மாதிரி கழுத்தில் வரைந்து விட்டார்கள். ஒரு பக்கம் மண்டை ஓடு, இன்னொரு பக்கம் யாரோ ஒரு பெண். வீட்டுக்குப் போய்க் காட்டினேன். "யாரு அவ?" என்றாள் பிலோமி.

அங்கேதான் இக்னாசியோவைப் பார்த்தேன். இக்னாசியோ வியாசெனோர். நம் ஊரில் இஞ்ஞாசி என்போமே, அந்தப் பேர். என் வயசு. ஒல்லி, வெள்ளைத் தலை, சட்டை எப்போதும் இஸ்திரி போட்டிருக்கும். முப்பத்தொரு வருஷமாக இந்தத் தொழில். எத்தனை தடவை செத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"எனக்குக் கணக்குத் தெரியாது. என் மகளுக்குத்தான் தெரியும். அவ ரேடியோவுல சொல்லிச் சொல்லிக் காட்டுவா."

ரேடியோ என்றால் பாட்காஸ்ட். மகள் மரிசோல் ஒரு பத்திரிகையில் வாரம் ஒரு பத்தி எழுதுகிறாள், பாட்காஸ்டும் பேசுகிறாள். சினிமாவில் எங்களை எப்படிக் காட்டுகிறார்கள், செய்தியில் எப்படிக் காட்டுகிறார்கள், நாங்கள் யார், இதே பேச்சு. எங்களை என்றால் அவர்களை. என்னை இல்லை. அந்தப் பெண் கெட்டிக்காரி. "ஹாலிவுட்டில் லத்தீன்காரன் மூன்று விதம்: தோட்டம் வெட்டுகிறவன், துப்பாக்கி வைத்திருக்கிறவன், சவம். என் அப்பா மூன்றிலும் அனுபவசாலி" என்று ஒரு தடவை பேசியிருக்கிறாள். இக்னாசியோ நடித்த எதையும் அவள் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறாள்.

"அவ சொல்றது சரிதான்" என்பான் இக்னாசியோ. "என் தாத்தா பொறந்தது இந்த ஊர்ல. நான் பொறந்தது இந்த ஊர்ல. மெக்சிகோவுக்குப் போனா என்னை அமெரிக்கக்காரன்னு சிரிக்கிறாங்க. இங்க மெக்சிகோக்காரன்னு சொல்றாங்க. சூட்டிங்ல நாலாம் நம்பர் பிணம்னு சொல்றாங்க. என் பேரச் சொல்லிக் கூப்பிடறது நீயும் என் பல் டாக்டரும்தான், ததேயோ."

ததேயு என்று வராது அவனுக்கு. ததேயோ.

ஆனால் அந்த சீரியலில் இக்னாசியோவுக்கு ஒரு வேஷம் வந்திருந்தது. டான் எவுசேபியோ. மாதா கோயில் கோயில்பிள்ளை. மணி அடித்து, மெழுகுவத்தி ஏற்றி, வாசல் பார்க்கிறவர். பேர் உண்டு. நான்கு வரி வசனம் உண்டு. எபிசோட் முடியும்போது உயிரோடு இருப்பார். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. மகளிடம் சொல்லிவிட்டான். "பேரோட வர்றேன், உயிரோட இருக்கேன், இதையாவது பாரு" என்றானாம். "அப்படி இருந்தா பாக்குறேன்" என்றாளாம். அந்த வேஷத்துக்குக் கொடுத்த கோட்டை அவனே வீட்டுக்குக் கொண்டுபோய் இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தான்.

இப்போது அந்தக் காட்சி. மூன்று அடியாட்கள் கோயிலுக்குள் நுழைய வருகிறோம். வாசலில் கோயில்பிள்ளை மறிக்கிறார். "யார் வேணும்னாலும் உள்ள வரலாம், மகனே. இடுப்புல இருக்கிறத மட்டும் வெளியே வெச்சிட்டு வா" என்கிறார். நாங்கள் துப்பாக்கியை வைத்துவிட்டு உள்ளே போகவேண்டும். அவ்வளவுதான். இக்னாசியோ அற்புதமாகச் சொன்னான். சத்தம் போடவில்லை. முதல் அடியாள் வைத்தான், போனான். இரண்டாவது ஆள் வைத்தான், போனான். நானும் வைத்தேன். வைத்துவிட்டு...

தம்பி, நீங்களே சொல்லுங்க. நம் ஊரில் யாராவது மாதா கோயிலுக்குள் செருப்போடு போவார்களா? எதிரே மாதா சுரூபம், மெழுகுவத்தி எரிகிறது, சாம்பிராணிகூடப் போட்டு வைத்திருந்தார்கள். என் மூளைக்கு அது செட் என்று தெரியும். காலுக்குத் தெரியவில்லை. குனிந்து பூட்ஸ் இரண்டையும் கழற்றி வாசல் ஓரம் ஜோடியாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன்.

"கட்!"

தொலைந்தோம் என்று நினைத்தேன். டைரக்டர் ஓடி வந்தார். நாற்பது வயசு இருக்கும், வெள்ளைக்காரர், கண்ணில் தண்ணீர். என் தோளைப் பிடித்தார்.

"உங்கள் கிராமத்தில் இப்படித்தானா?"

"ஆமாம்" என்றேன். பொய் சொல்லவில்லை. எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை.

இக்னாசியோ மெதுவாகச் சொன்னான்: "டைரக்டர், நான் ஞானஸ்நானத்துல இருந்து கோயிலுக்குப் போறேன். யாரும் பூட்ஸ் கழட்ட மாட்டாங்க."

"நீ நகரத்தில் பிறந்தவன், இக்னாசியோ. இவருக்கு வேர் இருக்கிறது" என்றார் டைரக்டர்.

வேர் என்றதும் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. மறைக்க என்ன இருக்கிறது? வேர் இருக்கிற மெக்சிகோக்காரன் என்று பேர் வாங்கினது தூத்துக்குடியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

டைரக்டர் அங்கேயே உட்கார்ந்து காட்சியை மாற்றி எழுதினார். மூன்றாவது அடியாள் தனியாக வருகிறான். யாரும் மறிக்கவில்லை. தானாகவே துப்பாக்கியை வைக்கிறான், தானாகவே பூட்ஸைக் கழற்றுகிறான், மாதா முன்னால் மண்டியிட்டு ஸ்பானிஷில் ஒரு வரி சொல்கிறான்: "அம்மா, என் மகளைப் பார்த்துக்கொள்." வெளியே வந்து பூட்ஸ் மாட்டும்போது சுட்டுவிடுகிறார்கள். வாசல் காக்கிறவருக்கு வேலை இல்லை.

யோலாண்டா சண்டைக்குப் போனாள். அவள் உயரம் என் தோள் வரைக்கும்தான், குரல் துறைமுகச் சங்கு. கடைசியில் டைரக்டர் ஒத்துக்கொண்டார். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு விதமாகவும் எடுப்போம், முதலில் கோயில்பிள்ளை காட்சி, அப்புறம் இது, எது நன்றாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்வோம். அடுத்த நாள் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும், வேறு நாள் கிடையாது. "எனக்கு ஒரு தடவை போதும்" என்றான் இக்னாசியோ. என் கையைப் பிடித்துக் குலுக்கினான். என்மேல் அவனுக்குக் கோபம் கிடையாது, அன்றைக்குக் கிடையாது.

டீ குடிக்கிறீங்களா? வேண்டாமா? நானும் இறங்கவில்லை. இறங்கினால் சீட் போய்விடும்.

போன வருஷம் அந்த ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் வேறு ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. காகிதம் இல்லாதவர்களைப் பிடித்துக்கொண்டுபோகிறார்கள் என்று பேச்சு. கார் கழுவுகிற இடத்தில் பிடித்தார்கள், பழக்கடையில் பிடித்தார்கள். பிலோமியின் கொத்தமல்லிக் கடைக்காரி கடையைத் திறக்கவில்லை. ஸ்பானிஷ் பூசையிலும் என் இங்கிலீஷ் பூசை மாதிரி ஏழு பேர் ஆகிவிட்டார்கள். கும்பலாக நின்ற நாற்பத்தொரு பேரில் பாதிப் பேர் வரவில்லை, கும்பல் காட்சியை நெருக்கி நிற்க வைத்து எடுத்தார்கள். நான் எல்லோரிடமும் சொன்னேன், சட்டைப் பையில் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள் என்று. இக்னாசியோவிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"எந்தக் காகிதம்?" என்றான்.

"பாஸ்போர்ட்."

"என்கிட்ட பாஸ்போர்ட் கிடையாது. நான் எங்க போகப்போறேன்?"

கேட்கவில்லை. சில பேருக்குச் சொன்னால் ஏறாது.

வியாழக்கிழமை காலை ஏழரை. நானும் அவனும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறோம். வரைந்த பச்சையைக் கழுவக் கூடாது என்று மேக்கப் பெண் சொல்லியிருந்ததால் என் கழுத்தில் மண்டை ஓடு அப்படியே இருக்கிறது. அவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை. யார் பார்த்தாலும் என்னைத்தான் பிடிப்பார்கள். ஒரு வேன் வந்து நின்றது. முகத்தை மூடின இரண்டு பேர் இறங்கினார்கள். எந்த இலாகா என்று சட்டையில் எழுதவில்லை.

"எங்கே பிறந்தீர்கள்?"

அவர் முடிக்குமுன்னால் என் கார்டு அவர் கையில் இருந்தது. "மச்சாதுவா?" என்றார். நான் போர்த்துக்கீசியரிலிருந்து ஆரம்பித்தேன். ஞானஸ்நானம் தாண்டி முத்துக்குளிப்புக்கு வந்தபோது அவர் கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டார். சரித்திரம் தெரிந்திருந்தால் இப்படித்தான், ஒரு மரியாதை இருக்கும்.

இக்னாசியோவிடம் கேட்டார்கள்.

"இங்கதான். நாலு தெரு தள்ளி ஒரு ஆஸ்பத்திரி இருந்துச்சு, இப்ப இல்ல."

"அத்தாட்சி?"

"பொறந்ததுக்கா?"

டிரைவிங் லைசென்ஸைக் காட்டினான். இது யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றார்கள். அவன் இங்கிலீஷ் அவர்கள் இங்கிலீஷ் மாதிரியே இருந்தது, இன்னும் கொஞ்சம் நன்றாகவே இருந்தது. என் இங்கிலீஷைக் கேட்டுவிட்டு என்னை விட்டார்கள், அவனுடையதைக் கேட்டுவிட்டு வேனில் ஏறச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் பஸ் வந்தது. இக்னாசியோ வேனுக்குள்ளிருந்து கத்தினான்: "ததேயோ, டைரக்டர்கிட்ட சொல்லு! என்னைப் பிடிச்சு வெச்சிருக்காங்க, விட்டதும் வந்துருவேன். எனக்காக நிறுத்தி வெக்கச் சொல்லு!"

சொல்கிறேன் என்று கையைக் காட்டிவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினேன். என் ஓட்டத்தைப் பற்றித்தான் சொன்னேனே.

சொன்னேன், தம்பி. சொல்லாமல் இல்லை. யோலாண்டா வாசலிலேயே நின்றாள். "இக்னாசியோ எங்கே?" என்றாள்.

"கொஞ்சம் லேட்டாகும்" என்றேன்.

"லேட்டா? முப்பத்தொரு வருஷத்தில் அவர் லேட்டாக வந்ததே இல்லையே. ஏன்?"

"ஒரு சொந்த வேலை" என்றேன்.

நீங்களே யோசித்துப் பாருங்க. போலீஸ் மாதிரி ஆட்கள் வேனில் ஏற்றிக்கொண்டுபோனார்கள் என்று ஒரு மனுஷனைப் பற்றி அத்தனை பேர் நடுவில் சொல்ல முடியுமா? நம் ஊரில் ஒருத்தரை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனால் நாம் என்ன சொல்வோம்? உடம்பு சரியில்லை, ஊருக்குப் போயிருக்கார் என்றுதானே சொல்வோம்? பக்கத்து வீட்டுக்காரனுக்கு அந்த மரியாதையைச் செய்வோம், நண்பனுக்குச் செய்ய மாட்டோமா? அவன் பேரைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பத்து மணி வரை காத்திருந்தார்கள். யோலாண்டா போன் போட்டுப் போட்டுப் பார்த்தாள், அவன் எடுக்கவில்லை. என்னிடம் மூன்று தடவை வந்து கேட்டாள். சொந்த வேலை, சொந்த வேலை, சொந்த வேலை. பத்தேகாலுக்கு டைரக்டர் வானத்தைப் பார்த்தார். "காலை வெளிச்சம் போகிறது. வெறுங்கால் காட்சியை எடுத்துவிடுவோம்" என்றார்.

எடுத்தார்கள். வசனத்தை யோலாண்டா சொல்லச் சொல்ல உள்ளங்கையில் தமிழில் எழுதிக்கொண்டேன். அவள் முகம் சரியில்லை. நான் மண்டியிட்டு, மாதாவைப் பார்த்து, அந்த ஸ்பானிஷ் வரியைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எழுந்திருக்க வேண்டும். ஆனால் மாதா முன்னால் மண்டியிட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. அதுவாக "அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே" என்று போய்விட்டது. பாதி ஜெபம் முடிந்துதான் எழுந்தேன். வெளியே வந்து ஒரு கால் பூட்ஸ் மாட்டினேன். சுட்டார்கள். விழுந்தேன். பாஸ்காவில் விழுந்து பழக்கம் இல்லையே, ஓடித்தானே பழக்கம். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு செத்தேன். பிலோமி அதைப் பார்த்துவிட்டு, "சாவும்போதாவது சட்டுனு சாவக் கூடாதா? பக்கத்துல சுட்டவன் கொட்டாவி விடுறான்" என்றாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு இக்னாசியோ வந்தான். விட்டுவிட்டார்களாம், தவறுதலாக நடந்தது என்றார்களாம். வெள்ளைச் சட்டையில் தோள்பட்டைப் பக்கம் கசங்கியிருந்தது. கோயில் செட்டில் மாதா சுரூபத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சொன்னியா?" என்று கேட்டான்.

"சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"லேட்டாகும்னு."

"லேட்டாகும்னு" என்றான் அவனும். அப்புறம் செட்டில் மடித்து வைத்திருந்த டான் எவுசேபியோவின் கோட்டை யோலாண்டாவிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனான். தனியாக. நான் கூட வருகிறேன் என்றேன், காது கேட்கவில்லை போலிருக்கிறது.

மறு வாரம் நான் மீசை எடுத்தேன். வெயில் என்றேனே. "தூத்துக்குடி வெயில்ல நாப்பது வருசம் நின்ன மீசை" என்று பிலோமி ஒரு பேச்சு பேசினாள், அவளுக்கு என்ன தெரியும்.

செப்டம்பரில் யோலாண்டா போன் செய்தாள். என் ஸ்பானிஷை எடிட்டிங்கில் கேட்டார்களாம், இது எந்த நாட்டுப் பாஷை என்று விசாரித்தார்களாம். அடுத்து வருகிற அருள் நிறைந்த மரியே யாருக்கும் புரியவில்லையாம். முகம் அருமை, கால் அருமை, குரல் மட்டும் வேறு வேண்டும். யாரைப் போடுவது என்று கேட்டபோது யோலாண்டா ஒரே பேரைத்தான் சொன்னாளாம்.

ஆமாம். இக்னாசியோ.

ஒரு வரி வசனம். ஆனால் என் உதடு அதற்கு மேலும் அசைகிறதே, ஜெபம் பாதி வரை. அந்த இடத்தில் எதையாவது பேசி நிரப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். இருட்டு அறையில் என் உதட்டைப் பார்த்துக்கொண்டு அவன் சொந்தமாக ஒன்று பேசினான். அவனுக்கும் ஸ்பானிஷ் அம்மா சமையலறையில் பேசினது மட்டும்தான் தெரியும். அது போதும் என்றார்களாம். உங்கள் போனில் வருகிற தமிழில் அந்த வடபழனிக்காரன் ஆத்தா ஆத்தா என்று கத்திக் கெடுத்துவிட்டான். அசலில் இப்படி வரும்: "அம்மா, என் மகளைப் பார்த்துக்கொள். அவள் தேடினால், நான் வாசலில்தான் நிற்கிறேன் என்று சொல்."

இந்தப் பிப்ரவரியில் சீரியல் வந்தது. என் காலுக்கு வந்த பேரைச் சொன்னால் நம்ப மாட்டீங்க. ஒரு பத்திரிகை, மெக்சிகோ கிராமத்துப் பக்தியை இவ்வளவு நுணுக்கமாக யாரும் காட்டியதில்லை என்று எழுதியது. ஒரு பேராசிரியர், வெறுங்கால் என்பது ஸ்பானியர் வருமுன்னால் இருந்த ஆதிக்குடிகளின் வழக்கம் என்று இரண்டு பக்கம். அந்த ஆதிக்குடி நான்தான், தம்பி. வெட்டி ஃப்ரேம் போட்டு வைத்திருக்கிறேன். ஜெனிட்டா அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டாள்.

அப்புறம் மரிசோலின் பாட்காஸ்ட். அவள் பார்ப்பதாக இல்லை, அந்தக் காலைத் திட்டுவதற்காக வேலை மெனக்கெட்டுப் பார்த்திருக்கிறாள். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டாள். "இந்த முகம் நம்முடையது இல்லை. இந்தக் கால் நம்முடையது இல்லை. நம்மில் யார் கோயில் வாசலில் பூட்ஸ் கழற்றுகிறார்கள்? நம்மைப் பற்றி அவர்கள் கற்பனை செய்வதற்கு நாம் தேவையே இல்லை, ஒரு மீசை போதும்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றித்தானே பேச்சு. அப்புறம் அந்த வரியைப் போட்டுக் காட்டினாள். போட்டதும் சத்தமே இல்லை. போன் கெட்டுவிட்டது என்று தட்டிப் பார்த்தேன். கெடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"குரல் நம்முடையது. இது என் அப்பா. பள்ளிக்கூடம் விடும்போது இதைத்தான் சொல்வார், வாசலில்தான் நிற்கிறேன் என்று."

அதற்கப்புறம் நாற்பது நிமிஷம் பேசினாள். அந்த ஒரு வரியைப் பற்றி, அவள் அப்பாவைப் பற்றி, ஜூன் மாதம் ஒரு நாள் அவர் கசங்கின சட்டையோடு வீட்டுக்கு வந்ததைப் பற்றி, டான் எவுசேபியோவைப் பற்றி. முகத்தைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நியாயமா இது? உதடு அசைந்தது யாருடைய உதடு? நான் அருள் நிறைந்த மரியே சொல்லியிருக்காவிட்டால் அவனுக்குப் பேச இடம் ஏது? நான் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "அந்தக் கால் என்னுடையது. ததேயு மச்சாது, தூத்துக்குடி." பதில் வரவில்லை.

சீரியலின் கடைசியில் ஓடுகிற எழுத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். என் பேர் இல்லை. இக்னாசியோ பேரும் இல்லை. மூன்றாவது அடியாளுக்கும் கிடையாது, குரலுக்கும் கிடையாது. டைரக்டரின் நாய்க்கு நன்றி போட்டிருக்கிறது.

எட்டயபுரம் தாண்டிவிட்டோம் போல. காற்றில் உப்பு வருகிறது பாருங்க. பனிமயமாதா திருவிழாக் கொடியேற்றத்துக்குத்தான் வருகிறேன். பிலோமி வரவில்லை. கொத்தமல்லிக் கடைக்காரி மறுபடி கடை திறந்திருக்கிறாள், துணைக்கு ஆள் வேண்டுமாம்.

இக்னாசியோ பேசுகிறானா என்று கேட்கிறீங்க. பேசுவதில்லை. ஆனால் கிளம்புவதற்கு முன்னால் ஒரு படம் அனுப்பியிருந்தான், இதோ பாருங்க. ஒரு பக்கம் அவன் முகம், பக்கத்தில் பேர், முழுப் பேர், அச்சில். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்குப் புரிந்தது. நான் சொன்னதைக் கடைசியில் கேட்டுவிட்டான், அதைத் தெரிவிக்கிறான். மனசு நல்ல மனசு.

ஜூலை ஒன்பதாம் தேதி இக்னாசியோ வியாசெனோருக்கு, அறுபத்திரண்டாவது வயதில், பிறந்த நாட்டின் பாஸ்போர்ட் வந்தது. அவன் எந்த ஊருக்கும் போகவில்லை. பஸ் ஸ்டாப்புக்குப் போகும்போது சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறான்.